பவுன்சர் நின்றால் மட்டும் போதுமா?

"இரவு கிளப்பில் குடித்துவிட்டு அடித்துக்கொண்டால் கிளப்காரர் என்ன செய்வார்?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். எல்லா அடிதடிக்கும் கிளப் பொறுப்பாகாதுதான். ஆனால் நடக்கப்போவதை முன்கூட்டியே ஊகித்திருக்க முடியுமா என்பதுதான் கேள்வி. இரண்டு பேர் அரை மணி நேரமாக முறைத்துக்கொண்டு நிற்கிறார்கள், ஒருவன் பாட்டிலைக் கழுத்தோடு பிடித்திருக்கிறான், பவுன்சரோ (கிளப்பின் காவல் ஆள்) வாசலில் செல்போன் நோண்டுகிறார் என்றால் அது 'திடீர் சம்பவம்' இல்லை. இருவரையும் ஒரே நேரத்தில் ஒரே கதவு வழியாக வெளியே தள்ளுவது அதைவிட மோசம். சண்டை தெருவுக்கு இடம் மாறுகிறது, அவ்வளவுதான்.

வெளியே நடந்தால் தப்பித்துவிடலாம் என்றும் எண்ண வேண்டாம். இங்கிலாந்தில் ஒரு பவுன்சர் வீட்டுக்குப் போய்க் கத்தி எடுத்துவந்து, கிளப்புக்கு வெளியே ஒருவரைக் குத்தினார். 2003இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் கிளப் முதலாளியையும் பொறுப்பாக்கியது. முரட்டு ஆள் வேண்டுமென்று வேலைக்கு வைத்தவர் அவர்தானே!

அடிபட்டவர்களுக்கு ஒன்று: சிசிடிவி பதிவு சில நாட்களிலோ வாரங்களிலோ தானாக அழிந்துவிடும். அதைப் பத்திரப்படுத்தச் சொல்லி உடனே எழுத்தில் கேளுங்கள். வாயால் கேட்டால், 'அன்னிக்குக் கேமரா ஓடலை சார்' என்பார்கள்.