ஜனவரியில் சாவி தருவார்களாம்!

இங்கே தென்னாப்பிரிக்காவின் டர்பனில் எந்த அரசுப் பல்கலைக்கழகம் மாணவர் விடுதி கட்டினாலும் ஜனவரி கடைசியில் சாவி தருவோம் என்பார்கள். கட்டட வேலைக்குக் கணக்கு எழுதியே பிழைத்தவன் நான். அந்தத் தேதியைக் கேட்டாலே எனக்குச் சிரிப்பு வரும்.

இந்த நாட்டில் டிசம்பர் பாதியில் கட்டுமானத் துறையே கடையைச் சாத்திவிட்டு ஊருக்குக் கிளம்பிவிடும். ஆட்கள் திரும்ப ஜனவரி இரண்டாவது வாரம் ஆகும். நம் ஊரில் அதுதான் நல்ல மழைக்காலமும்கூட. பிப்ரவரியில் வகுப்பு. மிச்சமிருக்கும் இரண்டு மூன்று வாரத்தில் பெயின்ட் காய வேண்டும், மின்சாரம், தீயணைப்பு எல்லாம் சோதிக்க வேண்டும், குடியேற நகராட்சியின் சான்றிதழும் வர வேண்டும். நடக்கிற காரியமா?

என் தங்கச்சி மகள் முதலாமாண்டு சேர்ந்தபோது அவளுக்கு ஒதுக்கிய அறையைப் போய்ப் பார்த்தேன். குழாயில் சுற்றிய பிளாஸ்டிக்கைக்கூடப் பிரிக்கவில்லை, கதவில் பூட்டு இருக்க வேண்டிய இடத்தில் ஓட்டை. "மாமா, ஈஸ்டருக்குள்ள குடுத்துருவாங்களாம்" என்றாள். அதுவரை தெரிந்தவர் வீட்டில் தங்கி, இரண்டு மினிபஸ் டாக்சி மாறி வகுப்புக்குப் போனாள்.

பெரியவர்கள் சிலர், "நாங்க படகேறிப் போய்ப் படிக்கலையா?" என்பார்கள். உண்மைதான். 1961இல் இந்தியர்களுக்கென்று டர்பன் துறைமுகத்துச் சாலிஸ்பரி தீவின் பழைய கடற்படைக் குடியிருப்பில் கல்லூரியைத் தொடங்கினார்கள். வெஸ்ட்வில்லில் சொந்த வளாகம் வர 1972 ஆகிவிட்டது. அது இனவெறி அரசு நமக்குப் போதும் என்று நினைத்த அளவு. அதையா இன்றைக்கு அளவுகோலாக வைப்பது?

ஒப்பந்தத் தொகையில் முப்பது சதவீதப் பங்கு கேட்டு வேலையை மறிக்கும் கும்பல்களும் ஒரு காரணம்தான், மறுக்கவில்லை. இதைத் தடுக்கவே 2024 நவம்பரில் டர்பனில் தேசிய மாநாடு கூட்டி, அரசும் கட்டுமானத் துறையினரும் உறுதிமொழியில் கையெழுத்துப் போட்டார்கள். ஆனால் எல்லாத் தாமதத்தையும் அவர்கள் தலையில் கட்டுவது வசதியான சாக்கு. பாதி வேலையில் பல்கலைக்கழகமே வரைபடத்தை மாற்றும். மாற்றினால் கால நீட்டிப்புக் கேட்க ஒப்பந்ததாரருக்கு வழி உண்டு. அப்புறம் தாமத அபராதத்தை யாரிடம் வசூலிப்பது?

டெண்டர் விடுவதற்கு முன்பே வரைபடத்தை முடித்துக் கையெழுத்துப் போடட்டும். ஒப்பந்தத்தில் நவம்பர் 30 என்று எழுதட்டும். செப்டம்பரில் போய்ப் பார்த்தாலே முடியுமா முடியாதா என்று தெரிந்துவிடும். முடியாது என்றால் அப்போதே வெளியில் அறைகளைப் பிடித்துவிட வேண்டும். பிப்ரவரியில் தேடினால் வாடகை இரண்டு மடங்கு கேட்பார்கள், அதையும் பெற்றவர்கள்தான் கட்ட வேண்டியிருக்கிறது.