சதை எடுத்த கையோடு கண்ணாடி வேண்டாம்

கண்ணில் வளரும் சதையை வெட்டினால் பார்வை தெளிந்துவிடும் என்று கட்டுரையில் ஒரே வரியில் முடித்திருக்கிறீர்கள். பாதிதான் சரி. அந்தச் சதை கருவிழிமேல் ஏறி அதன் வளைவைக் கிடைவாட்டில் தட்டையாக்கிவிடும். எழுத்து நிழல் விழுந்ததுபோலத் தெரிவது அதனால்தான். வெட்டியபின் வளைவு மெல்லத் திரும்பும், பவரும் மாறும். பொகவந்தலாவையில் கொழுந்தெடுக்கும் எங்கள் சின்னம்மா, தையல் உறுத்தல் அடங்குமுன்னே ஹட்டனில் போட்ட கண்ணாடி இப்போது லாச்சியில் கிடக்கிறது. ஒன்றிரண்டு மாதம் பொறுத்து அளவெடுப்பதே நல்லது. சதை கண்மணிக்கு நேரே ஏறியிருந்தால் தழும்பும் கொஞ்சம் மங்கலும் மிஞ்சலாம்.

அப்புறம், வெறுமனே வெட்டாமல் அதே கண்ணின் வெண்படலத்தில் ஒரு துண்டெடுத்து ஒட்டுவார்களா என்று டொக்டரிடம் கேளுங்கள். ஒட்டினால் திரும்ப வளர்வது நன்றாகக் குறையும். வெயிலுக்குக் கறுப்புக் கண்ணாடி போடச் சொல்கிறீர்கள், சரி. தேயிலை மலையில் போட்டால் கங்காணி என்ன சொல்வாரோ!