நிலா நிழல்தான் சாட்சி

விண்வெளியிலிருந்து வரும் நியூட்ரினோ என்ற நுண்துகளைத் தேடும் ஆழ்கடல் கருவி, அது வந்ததாகக் காட்டும் திசை சரிதான் என்று எப்படி நம்புவது என ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. கருவியைத் தாங்கும் வடங்கள் நீரோட்டத்தில் ஆடிக்கொண்டே இருக்கும். ஒலி அலைகளாலும் திசைகாட்டிகளாலும் அவற்றின் வடிவத்தைக் கணக்கிடுகிறார்கள். ஆனால் மொத்தக் கருவியும் ஒரு பக்கம் திரும்பியிருந்தால்? அதற்கு வெளியிலிருந்து ஓர் அடையாளம் வேண்டும்.

அதைத் தருவது நிலா. விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் வளிமண்டலத்தில் மோதி உண்டாக்கும் மியூவான் என்ற துகள்கள் கிட்டத்தட்ட அதே திசையில் கடலடி வரை இறங்குகின்றன. நிலா இருக்கும் திசையில் வரும் கதிர்களை அது மறித்துவிடுவதால், அங்கே மட்டும் மியூவான் எண்ணிக்கை குறையும். அந்தக் குறைவுதான் நிலாவின் நிழல். அது நிலா இருக்கும் இடத்திலேயே தெரிந்தால் கருவி சரி. விலகித் தெரிந்தால் அவ்வளவு பிழை. நியூட்ரினோவைத் தேடுபவர்களுக்கு இந்த மியூவான்கள் வெறும் தொல்லை, இங்கே அதுவே உதவுகிறது!

நிலாவின் அகலம் அரை பாகைதான், அதனால் பொறுமை வேண்டும். பிரான்சின் தூலோன் அருகே சுமார் 2,475 மீட்டர் ஆழத்தில் இருந்த அன்டாரெஸ் கருவி, 2007 முதல் 2016 வரையிலான தரவைச் சேர்த்த பிறகும் 3.5 சிக்மா (தற்செயல் அல்ல என்பதற்கான உறுதியின் அளவு) அளவில்தான் நிழலைக் கண்டது. அதன்பின் வந்த ஓர்கா என்ற கருவி, வெறும் 6 வடங்களோடு இருந்தபோதே நிலா, சூரியன் இரண்டின் நிழலையும் பிடித்துவிட்டது. சூரிய நிழல் மட்டும் கொஞ்சம் சிக்கல், அதன் காந்தப்புலம் கதிர்களை வளைத்துவிடும்.