அந்த வரி அரிஸ்டாட்டிலுடையது அன்று
"நாம் எதைத் திரும்பத் திரும்பச் செய்கிறோமோ அதுவே நாம்" என்று அரிஸ்டாட்டில் கூறியதாகவும், எனவே விடியற்காலையில் எழுந்து உடற்பயிற்சி செய்யும் தலைவர் நேர்மையாகவே ஆள்வார் என்றும் ஒரு பதிவில் எழுதப்பட்டிருக்கிறது. அந்த வரி, அமெரிக்க எழுத்தாளர் வில் டூரண்ட் 1926இல் வெளியிட்ட தத்துவ வரலாற்று நூலில், அரிஸ்டாட்டிலின் கருத்தைத் தம் சொற்களில் சுருக்கி எழுதியது. மூலமான, அரிஸ்டாட்டிலின் 'நிகோமாக்கிய அறவியல்' நூலின் இரண்டாம் பகுதியில் காட்டப்படுபவர் யாழ் வாசிப்பவர்: யாழை வாசித்து வாசித்தே நல்ல கலைஞரும் உருவாகிறார், அதே யாழை வாசித்து வாசித்தே மோசமான கலைஞரும் உருவாகிறார். ஆகவே செய்ததையே செய்வது மட்டும் போதாது. நீதியான செயலை இன்னதென அறிந்து, அதன் பொருட்டே தேர்ந்து, நிலைகுலையாத மனத்துடன் செய்ய வேண்டும் என்று அரிஸ்டாட்டில் நிபந்தனை விதிக்கிறார். (விடியலில் எழுந்து பொய்க்கணக்கு எழுதுபவருக்கும் பழக்கம்தான் கைகொடுக்கிறது.) அரசியலைப் பற்றி அதே இடத்தில் அவர் சொல்வதும் தலைவரின் அன்றாட அட்டவணையைப் பற்றியதன்று; சட்டமியற்றுபவர் குடிமக்களை நற்செயல்களில் பழக்கி நல்லவர்களாக்குகிறாரா என்பதில்தான் நல்ல அரசமைப்பும் தீய அரசமைப்பும் வேறுபடுகின்றன என்கிறார். ஆள்பவரிடம் அவர் தேடிய குணம் நடைமுறை விவேகம். அதற்கு ஆறாம் பகுதியில் அவர் எடுத்துக்காட்டுவது, தமக்கும் மக்களுக்கும் எது நன்மை எனக் காணத் தெரிந்த ஏதென்ஸின் அரசியல் தலைவர் பெரிக்ளிஸை.