மெஸ்ட்ரின்யோவை ஃப்யூஷன் என்று சொல்லாதீர்கள்

'நாட்டுப்புற இசையையும் ஜாஸையும் கலக்கும் இளம் கலைஞர்' என்று ஒரு வரி போட்டால் அறிமுகம் முடிந்தது என்று நினைக்கிறார்கள். பிரேசிலின் அக்கார்டியன் கலைஞர் மெஸ்ட்ரின்யோவைப் பற்றியும் இப்படித்தான் எழுதுகிறார்கள். எனக்கு இது ஒட்டவே மாட்டேன் என்கிறது.

அவர் 1988இல் வடகிழக்கு பிரேசிலில், செர்ஜிப்பே மாநிலத்தின் இதபயானாவில் பிறந்தவர். அப்பாவும் அக்கார்டியன்காரர்தான். அந்தப் பக்கத்தில் திருவிழா என்றால் ஃபொஹோ என்கிற ஆட்ட இசைதான். ஒரு அக்கார்டியன், சபூம்பா மேளம், இரும்பு முக்கோணம். மூன்று பேர் போதும், ஊரே ஆடும்.

அந்த வட்டாரத்துப் பழைய மெட்டுகளில் அடிக்கடி வரும் ஒரு ஸ்வர வரிசை இருக்கிறது. நம் கர்நாடக இசைக் கணக்கில், சுத்த மத்யமம் இருக்க வேண்டிய இடத்தில் பிரதி மத்யமம் (சற்று உயர்ந்த 'ம'), மேலே கைசிகி நிஷாதம் (சற்று தாழ்ந்த 'நி'). கச்சேரி கேட்கிறவர்கள் சட்டென்று சொல்லிவிடுவீர்கள், வாசஸ்பதி ராகம்! இதே வரிசையை ஜாஸ்காரர்கள் லிடியன் டாமினன்ட் என்பார்கள். நியூயார்க்கிலிருந்து யாரும் கொண்டுவந்து கொட்டவில்லை, ஏற்கெனவே மண்ணில் கிடந்ததுதான். அப்புறம் எதை எதோடு கலக்கிறார்?

வித்தை இடது கையில் இருக்கிறது. அந்தப் பக்கத்துப் பட்டன்களில் மேஜர், மைனர், செவன்த், டிமினிஷ்ட் என்று கார்டுகள், அதாவது சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டங்கள், ஆயத்தமாக இருக்கும். நாலு பேர் ஆட அது தாராளம், ஜாஸுக்குப் பற்றாது. அதனால் தாழ்ந்த ஸ்வரத்துக்கான ஸி பேஸ் பட்டனை அழுத்திக்கொண்டே ஈ மைனர் பட்டனையும் சேர்த்து அழுத்துவார்கள், ஸி மேஜர் செவன்த் என்கிற நாலு ஸ்வரக் கார்டு வந்துவிடும். ஏ பேஸோடு ஸி மேஜர் என்றால் ஏ மைனர் செவன்த். இவ்வளவும் நடக்கும்போது அதே கைதான் துருத்தியையும் இழுத்துத் தள்ள வேண்டும். ஆட்டத்தின் தாளமே அந்த இழுப்பில்தான் இருக்கிறது, கார்டைத் தேடுகிற அவசரத்தில் அது தளர்ந்தால் ஆடுகிறவர் கால் நின்றுவிடும். மெஸ்ட்ரின்யோவிடம் அது தளர்ந்து நான் கேட்டதில்லை.

இது அவரோடு தொடங்கியதும் இல்லை. பிரேசிலின் அக்கார்டியன்காரர் சிவூக்கா 1960களிலேயே நியூயார்க்கில் தென்னாப்பிரிக்கப் பாடகி மிரியம் மகேபாவோடு வாசித்தவர். சிறு வயதில் அப்பாவின் எட்டு பேஸ் பட்டன் அக்கார்டியனில் பழகிய பிரேசில் இசைக்கலைஞர் எர்மேட்டோ பாஸ்குவால் 1970இல் ஜாஸ் ட்ரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸோடு பதிவு செய்தார். ஃபொஹோவின் அக்கார்டியன் மேதை டொமிங்கின்யோஸ் நாட்டுப்புறப் பாட்டுக்குள் எத்தனை நுணுக்கமான கார்டு வைத்தாலும் ஜனங்கள் அதை ஃபொஹோ என்றுதான் கேட்டார்கள். அந்த டொமிங்கின்யோஸோடு மேடையில் வாசித்தவர்தான் மெஸ்ட்ரின்யோ. 2024இல் பாடகி மரியானா அய்டாரோடு சேர்ந்து போட்ட ஆல்பத்துக்கு லத்தீன் கிராமி கிடைத்ததும் வேர் இசைப் பிரிவில்தான், ஜாஸ் பிரிவில் இல்லை. விருதுக்குழுக்கள் எப்போதாவது சரியாகவும் யோசிக்கும் போல.

குறையே இல்லையா என்றால், உண்டு. தனியாக வாசிக்கக் கிடைத்தால் வலது கை ஓட ஆரம்பித்துவிடுகிறது, கைதட்டலுக்கான ஓட்டம். பாடுகிறவர் பக்கத்தில் இருக்கும்போது, ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவே நாலைந்து ஸ்வரம் மட்டும் போட்டுவிட்டு ஒதுங்குகிறாரே, எனக்கு அந்த மெஸ்ட்ரின்யோவைத்தான் பிடிக்கும்.