விடுமுறை இல்லாத ஒரு விழா

மே மாதம் மூன்றாவது வியாழக்கிழமை உக்ரைனில் விஷிவான்கா தினம். விஷிவான்கா என்றால் கையிலும் கழுத்திலும் பூவேலை செய்த சட்டை; செய்திப் படங்களில் பார்த்திருப்பீர்கள். அன்றைக்கு வாத்தியார், வங்கி ஊழியர், கல்லூரி மாணவர் எனப் பலரும் அதைப் போட்டுக்கொண்டு வழக்கம்போல அவரவர் வேலைக்குப் போகிறார்கள். அரசு விடுமுறை கிடையாது. இந்த விழாவில் எனக்கு ரொம்பப் பிடித்ததே அதுதான்.

2006இல் செர்னிவ்த்சி பல்கலைக்கழக மாணவி லெஸ்யா வொரோன்யுக், ஒருநாள் எல்லாரும் இதைப் போட்டுக்கொண்டு வகுப்புக்கு வரலாமே என்று ஆரம்பித்துவைத்தார். முதல் வருடம் சில டஜன் பேர்தான். அப்புறம் ஊர் ஊராகப் பரவி, உக்ரைனியர் குடியேறிய கனடா வரை போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை வைத்தால் கூட்டம் இன்னும் சேருமே என்று தோன்றலாம். வேண்டுமென்றேதான் வேலைநாளில் வைத்திருக்கிறார்கள்.

ஏன் என்பது சோவியத் காலத்தைப் பார்த்தால் புரியும். நடனக் குழுக்கள் இதைப் போட்டு மேடையில் ஆடியதில் அரசுக்கு ஒரு சங்கடமும் இல்லை. சோவியத் தலைவர் குருஷேவே இதைப் போட்டுக்கொண்டு படத்துக்கு நின்றிருக்கிறார்! அதையே 1960களில் கீவ் நகரத்து இளம் எழுத்தாளர்களும் ஓவியர்களும் தெருவில் போட்டு நடந்தபோது, ‘தேசியவாதிகள்’ என்று சந்தேகக் கண் விழுந்தது. இத்தனைக்கும் உக்ரைனியக் கவிஞர் இவான் ஃபிராங்கோ 19ஆம் நூற்றாண்டிலேயே கோட்டுக்குள் இதைப் போட்டுக்கொண்டு நடமாடியவர். மேடையில் சரி, தெருவில் கூடாது என்றிருந்ததை அன்றாட உடையாக்கத்தான் இந்த வேலைநாள்.

இப்போது வேறொரு சண்டை. மெஷினில் தைத்தது, துணியில் அச்சடித்தது எல்லாம் அசலா என்று கேட்கிறார்கள். அப்படிக் கேட்பவர்களுக்கு ஒரு சோப்புக் கதை. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் மாஸ்கோவின் புரோக்கார் கம்பெனி, தன் சோப்பை விற்பதற்காகப் பூ டிசைன்களை அச்சடித்து இலவசமாகக் கொடுத்தது. உக்ரைன் கிராமத்துப் பெண்கள் அதைப் பார்த்து, கிராஸ் ஸ்டிச்சில் சிவப்பும் கறுப்புமாக ரோஜாக்கள் போட்டுத் தள்ளினார்கள். அந்த ரோஜாக்களைத்தான் இன்று ‘பாட்டி காலத்து டிசைன்’ என்று கொண்டாடுகிறார்கள். எனக்கு அதில் குறை ஒன்றும் தெரியவில்லை. அந்தப் பெண்களுக்குப் பிடித்தது, போட்டார்கள்.

அதற்காகக் கைவேலையும் மெஷினும் ஒன்றென்று சொல்ல மாட்டேன். பொல்தாவா பக்கம் ரெஷெதிலிவ்காவில் வெள்ளைத் துணியில் வெள்ளை நூலாலேயே பின்னுவார்கள். கிட்டப் போனால்தான் பூ தெரியும். மேற்கு உக்ரைனின் போர்ஷ்சிவ் ஊர்ச் சட்டையின் கை முழுக்கக் கறுப்பு நூல் அடர்ந்து கிடக்கும். அந்த உழைப்புக்கு உரிய விலை கொடுத்தே ஆகவேண்டும். திட்டுவதென்றால் மெஷின் சட்டையைக் கைவேலை என்று விற்பவர்களைத் திட்டுங்கள். கையிலிருந்த காசுக்கு ஒன்றை வாங்கிப் போட்டுக்கொண்டு ஆபீஸ் போகிறவரை விட்டுவிடலாம்.