மேசையில் இடம் கிடைக்காத தாத்தா

பிரேசிலின் உம்பாண்டா என்ற ஆவி வழிபாட்டு மதம் பற்றி யார் கேட்டாலும் நான் முதலில் ப்ரேத்து வேலியு பற்றித்தான் சொல்வேன். ‘கறுப்புக் கிழவர்’ என்று அர்த்தம். அடிமையாகவே வாழ்ந்து செத்தவரின் ஆவி. அவர் இறங்கியதும் அருள் வந்தவரின் முதுகு கூன் விழுந்துவிடும். குட்டை முக்காலியில் உட்கார்ந்து, புகையிலைக் குழாயைப் பிடித்தபடி, எதிரில் இருப்பவரை ‘மகனே’ என்று கூப்பிட்டுக் குறை கேட்பார். வேலை போனவர், பிள்ளைக்கு உடம்பு முடியாதவர், எல்லோருக்கும் அவர் தாத்தா. மே 13 அவருடைய நாள். 1888இல் அங்கே அடிமைமுறை ஒழிந்த தேதியும் அதுதான்.

இந்தத் தாத்தாவை ஒரு காலத்தில் ஆவிகளோடு பேசும் மேசைக்கே சேர்க்கவில்லை. 1857இல் பாரிஸில் ஆலன் கார்டெக் வெளியிட்ட ஆவிகளின் நூல் பிரேசிலின் படித்த வீடுகளுக்குள் போனது. ஆவிகளுக்குள் படிநிலை உண்டு என்றது அது. அப்புறம் என்ன, மருத்துவர் ஆவி மேலே, அடிமையும் பழங்குடியும் ‘வளராத’ ஆவிகள். 1908இல் ரியோ அருகே செலியு தெ மொராயிஸ் என்ற இளைஞர் மேல் இறங்கிய பழங்குடி ஆவி, இவர்களை ஏன் விரட்டுகிறீர்கள் என்று கேட்டதாம். உம்பாண்டா பிறந்த கதை அது. ஆய்வாளர்கள் அதை அப்படியே ஏற்பதில்லை, பல இடங்களில் மெல்ல உருவானது என்கிறார்கள். சரி, இருக்கட்டும். அந்தக் கேள்வியை யாரோ கேட்டுத்தான் ஆக வேண்டியிருந்தது.

1890 தண்டனைச் சட்டம் ஆவி வழிபாட்டையும் மாந்திரீகத்தையும் சேர்த்தே தடுத்தது. கார்டெக் வழியினர் ‘எங்களுடையது அறிவியல்’ என்று வாதாட முடிந்தது. மேளம் அடித்து ஒரிஷாக்கள் என்ற ஆப்பிரிக்க வழித் தெய்வங்களை அழைத்த கறுப்பின மக்களின் கூடங்களுக்குள் போலீஸ் நுழைந்தது. பிரேசிலின் பாஹியா மாநில மருத்துவர் நினா ரொட்ரிகஸ் போன்ற முதல் ஆய்வாளர்களே அருள் வருவதை நரம்பு நோய் வரிசையில் வைத்தார்கள். நாமும் ஒன்றை ‘ஆவியியல்’ என்றும் இன்னொன்றை ‘பில்லி சூனியம்’ என்றும் யோசிக்காமல் எழுதுகிறோம். எனக்கு இதில் உண்மையாகவே கோபம்.

ரியோ போலீஸ் பறித்த மேளங்களும் சிலைகளும் ‘கறுப்பு மாந்திரீக’ அருங்காட்சியகம் என்ற பெயரில் காவல்துறையிடமே கிடந்தன. அவற்றை மீட்கப் பல ஆண்டுகள் போராடியவர்களில் மயின் மெனினசீன்யா தெ ஒசும் என்ற பெண் பூசாரி முன்னால் நின்றார். 2020இல் அவை குடியரசு அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தன. இப்போது அந்தத் தொகுப்பின் பெயர் ‘நம் புனிதம்’.